பிசைந்த கை: ஓசூர் எல்லையில் ரொட்டியின் கதை

ஓசூர் வட்டாரத்தில் கேழ்வரகு மாவைக் கிண்டி உருட்டிய உருண்டைக்கு மூன்று பெயர்கள் உண்டு. தமிழர் களி என்பர். கன்னடம் பேசுவோர் முத்தெ என்பர். தெலுங்கு பேசுவோர் சங்கட்டி என்பர். ஒரே தெருவில் ஒரே பண்டம் மூன்று மொழிகளில் உண்ணப்படுகிறது. ஆனால் அத்தெருவின் முனையில் விற்கப்படும் ரொட்டிக்கு அந்த வளம் இல்லை. ‘பிரெட்’ என்றால் மூவருக்கும் விளங்கிவிடுகிறது. வீட்டில் பிறந்த உணவு வீட்டு மொழியில் பெயர் பெறுகிறது. கடையில் பிறந்த உணவு கடையின் பெயரோடு நின்றுவிடுகிறது.

அண்மைக் காலமாக அந்தக் கடைப்பண்டம் வீட்டுக்குள்ளும் வரத் தொடங்கியிருக்கிறது. ஓசூரின் அடுக்ககங்களில் சிறிய மின்சார ஓவன் ஒன்றை வாங்கிவைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தாமே மாவு பிசைந்து ரொட்டி சுடுவோரைக் காண முடிகிறது. அக்கூட்டத்தில் நானும் ஒருவன். தமிழிலக்கியம் கற்பிப்பவனுக்கு மாவு பிசைவதில் என்ன வேலை என்று உடன் பணியாற்றும் நண்பர்கள் கேட்பதுண்டு. அதற்கு விடையாக இதனை எழுதவில்லை. பிசையும்போது எழுந்த வேறொரு கேள்விக்கு விடை தேடியே எழுதுகிறேன்.

அரிசியையும் உளுந்தையும் அரைத்து இரவெல்லாம் புளிக்கவிடும் கலையைத் தமிழ் வீடு நன்கறியும். போர்த்துக்கீசியர் இந்தியக் கரையில் இறங்கியது 1498-இல். அவர்களோடு வந்த ரொட்டி ஐந்நூறு ஆண்டுகளாக நம் வாசலுக்கு வெளியிலேயே நின்றது ஏன்? கோதுமை விளையாமை ஒரு காரணம் எனலாம். ஆனால் மிளகாயும் உருளைக்கிழங்கும் வெளியிலிருந்து வந்து நம் அடுக்களையில் நிலைத்துவிட்டனவே. எனவே மாவு மட்டும் காரணமாக இருக்க முடியாது. அடுப்பு யாருடையது, பிசைந்த கை யாருடையது என்னும் இரண்டு கேள்விகளே ரொட்டியை வாசலில் நிறுத்தின என்பது என் துணிபு.

சொல்லின் வழி

முதலில் சொற்களைக் காண்போம். சங்க நூல்களில் ‘கூவியர்’ என்றொரு தொழிலாளர் வகுப்பினர் பேசப்படுகின்றனர். அப்பம் சுட்டு விற்போர் என்று உரையாசிரியர்கள் பொருள் கூறுவர். பெரும்பாணாற்றுப்படையிலும் மதுரைக்காஞ்சியிலும் இவர்கள் வருகின்றனர். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை, புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்வோரை வரிசைப்படுத்தும்போது, கூவியரை அடுத்துக் கள் விற்கும் பெண்டிரைக் கூறுகிறது. ஆகவே மாவுப்பண்டத்தைச் சுட்டுக் கடையில் விற்பது தமிழ்நிலத்துக்குப் புதிதன்று. அட்டில் என்ற சொல்லும் நம்மிடம் உண்டு. சமைக்கும் இடம் என்பது அதன் பொருள்.

தமிழ் விவிலியத்தில் ரொட்டிக்கு ‘அப்பம்’ என்ற சொல் ஆளப்படுகிறது. பாலத்தீனத்துக் கோதுமை ரொட்டிக்கு நம் அரிசிப் பண்டத்தின் பெயர் பொருந்தாது என்று மொழிபெயர்ப்பாளர் கருதவில்லை. ஈழத்தமிழர் போர்த்துக்கீசியச் சொல்லையே ஏற்றுப் ‘பாண்’ என்றனர். அதே சொல் மும்பையில் ‘பாவ்’ ஆயிற்று. ஜப்பானில் ‘பான்’ ஆயிற்று. தமிழகத்தில் வடக்கிலிருந்து வந்த ‘ரொட்டி’ நிலைத்தது. அச்சொல் சப்பாத்தி போன்ற தட்டைப் பண்டத்தையும், பொங்கி எழுந்த ஆங்கிலேயர் பண்டத்தையும் ஒருசேரக் குறிக்கிறது.

தனித்தமிழ் ஆர்வலர் தந்த சொற்கள் இரண்டு. தமிழகத்தில் ‘அடுமனை’, ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடத்தும் ‘வெதுப்பகம்’. அடுதல், வெதுப்புதல் என்னும் பழைய வினைகளிலிருந்து பிறந்த நல்ல சொற்கள். ஆயினும் இரண்டுமே விற்பனைக்கு உரிய இடத்தைக் குறிப்பன. வீட்டில் ரொட்டி செய்யும் வினைக்கு நம்மிடம் இயல்பான சொல் எது? இட்லி அவிக்கிறோம், தோசை வார்க்கிறோம், களி கிண்டுகிறோம், முறுக்கு பிழிகிறோம். ஒவ்வொரு பண்டத்துக்கும் கையின் அசைவை ஒட்டிய வினையொன்று இருக்கிறது. ரொட்டியை மட்டும் ‘பேக்’ பண்ணுகிறோம். நம் வீட்டுக் கைகள் அதனைச் செய்து பழகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுப்பின் உடைமை

கை பழகாமைக்கு முதற்காரணம் அடுப்பு. நம் வீட்டு அடுப்பு கீழிருந்து சூடேற்றுவது. நீராவியாலும் கல்லாலும் வேகவைப்பது. குறைந்த விறகில், குறைந்த நேரத்தில் உணவு ஆகிவிட வேண்டும் என்பது அதன் பொருளியல். ரொட்டிக்கு வேண்டியது வேறு. மேலும் கீழும் பக்கங்களிலும் சூழ்ந்து நிற்கும் உலர்வெப்பம் அதற்குத் தேவை.

பழைய பேக்கரிகளின் விறகு அடுப்பைக் கண்டவர்களுக்கு அதன் இயக்கம் புரியும். செங்கல்லால் கட்டிய கூண்டுக்குள் சில மணிநேரம் விறகை எரிப்பார்கள். கல் முழுவதும் சூடேறியபின் தணலை வாரி ஒதுக்குவார்கள். அதன்பின் நெருப்பில்லை, சுவர்கள் உள்வாங்கிய வெப்பம் மட்டுமே வேலை செய்கிறது. சூடு மிகுந்திருக்கையில் ரொட்டி உள்ளே போகும். சற்றுத் தணிந்தபின் பன்னும் கேக்கும் போகும். பிறகு பிஸ்கட். இறுதியில், எஞ்சிய இளஞ்சூட்டில், முந்தைய நாள் விற்காத ரொட்டித் துண்டுகள் உலர்ந்து ரஸ்க் ஆகும். பேக்கரிக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் நாம் காணும் பண்டங்களின் வரிசை, ஆறிவரும் அடுப்பொன்றின் வெப்ப வரிசையே.

இத்தகைய அடுப்பை ஒரு குடும்பத்துக்கு நான்கு ரொட்டிக்காக மூட்டுவது கட்டுபடியாகாது. ஐரோப்பாவிலும் இதுவே நிலை. இடைக்காலப் பிரான்சில் ஊருக்குப் பொதுவான அடுப்பு நிலப்பிரபுவுக்கு உரியதாக இருந்தது. குடியானவர் தம் மாவைப் பிசைந்து கொண்டுபோய், கட்டணம் செலுத்தி, அந்த அடுப்பிலேயே சுட்டுக்கொள்ளவேண்டும் என்ற கட்டாயம் பல இடங்களில் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியோடுதான் அவ்வுரிமை ஒழிந்தது. பஞ்சாப் கிராமங்களில் பல வீட்டாரும் பொதுத் தந்தூர் அடுப்பொன்றில் ரொட்டி சுட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ரொட்டி உண்ணும் நாடுகளிலேயே பெரும்பாலான வீடுகளில் ரொட்டி அடுப்பு இருந்ததில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். எனவே தமிழ் வீட்டில் அது இல்லாதது வியப்பன்று.

நம்மவர் இதற்கும் வழி கண்டனர். அகன்ற பாத்திரத்தில் மணல் பரப்பி, அதன்மேல் மாவுக் கிண்ணத்தை வைத்து, மூடியின்மேல் தணலிட்டுக் கேக் சுட்டனர். பின்னர் பிரஷர் குக்கரில் மணலோ உப்போ இட்டு, ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டுச் சுடும் முறை பரவியது. இவையெல்லாம் கிறிஸ்துமசுக்கும் பிறந்தநாளுக்குமான ஏற்பாடுகள். அன்றாட ரொட்டி இவற்றால் கைகூடவில்லை.

கையின் கேள்வி

இரண்டாவது காரணம் கடினமானது. பிசைந்த கை யாருடையது என்னும் கேள்வி அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாதியாசாரம் பேணிய இந்தியக் குடும்பங்களுக்கு ரொட்டி ஐயத்துக்குரிய பண்டம். தொழிற்சாலை ஈஸ்ட் பரவுவதற்கு முன்னர் கோவாவிலும் இலங்கையிலும் மாவைப் பொங்கச்செய்தது கள். முட்டை கலந்திருக்கலாம், விலங்குக் கொழுப்பு தடவியிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, பிசைந்தவர் வேற்று மதத்தவராகவோ ‘தாழ்ந்த’ சாதியினராகவோ இருக்கலாம். நெருப்பில் வெந்தபின்னும் அந்தத் தீட்டு நீங்காது என்று நம்பினர்.

ஆகவே ரொட்டியும் பிஸ்கட்டும் உண்பது சிலருக்குக் கலகமாகவே அமைந்தது. வங்கத்தின் இராஜநாராயண் போஸ் 1846-இல் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தபோது, சாதியை மதிக்கவில்லை என்று காட்டுவதற்காகப் பிஸ்கட்டும் ஷெர்ரி மதுவும் வரவழைத்து உண்டதைத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1890-இல் பூனாவின் பஞ்ச ஹௌத் கிறித்தவ மிஷனில் நடந்த ஒரு கூட்டத்தில் தேநீரும் பிஸ்கட்டும் வழங்கப்பட்டன. அக்கூட்டத்தில் திலகரும் ரானடேயும் இருந்தனர். செய்தி வெளியானதும் பெரும் சர்ச்சை மூண்டு, கழுவாய் தேடும் நிலைவரை சென்றது. ஒரு கோப்பைத் தேநீருக்கும் ஒரு துண்டுப் பிஸ்கட்டுக்கும் அத்தனை வலிமை இருந்தது.

இக்கேள்விக்கு வணிகம் ஒரு விடை கண்டது. பண்டத்தை மாற்றவேண்டாம், கையை மாற்றினால் போதும். 1898-இல் டில்லியில் தொடங்கப்பட்ட ‘இந்து பிஸ்கட் கம்பெனி’, தன் பிஸ்கட்டுகள் உயர்சாதி இந்துக்களின் கைகளாலேயே செய்யப்படுவன என்று விளம்பரம் செய்தது. அதே 1898-ஆம் ஆண்டில்தான் பெங்களூர்ச் சிக்பேட்டையில் ஹாசன் பகுதி ஐயங்கார் குடும்பத்தைச் சேர்ந்த திருமலாச்சார் ‘பெங்களூர் பிரதர்ஸ் பேக்கரி’யைத் தொடங்கினார். தம்மிடம் இனிப்பு வாங்க வந்த ஆங்கிலேயர் ஒருவரிடம் அவர் ரொட்டிக்கலையைக் கற்றார் என்று சொல்லப்படுகிறது.

பெங்களூரில் இது நிகழ்ந்ததற்குப் பின்புலம் உண்டு. 1799-இல் திப்பு வீழ்ந்தபின், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலப் படை 1809-இல் பெங்களூருக்கு இடம்பெயர்ந்து பாளையம் அமைத்தது. படை இருக்குமிடத்தில் ரொட்டி இருந்தாக வேண்டும். பாளையத்துக்குப் பொருள் வழங்கவும் தொழில் செய்யவும் சென்றவர்களில் தமிழர் பெருந்தொகையினர். ஆனால் பாளையத்து ரொட்டி அல்சூரிலும் சிவாஜிநகர்ப் பகுதியிலும் நின்றது; பேட்டையில் வாழ்ந்த ஆசாரக் குடும்பங்களுக்குள் நுழையவில்லை. நுழைவதற்கு ஐயங்காரின் கை வேண்டியிருந்தது. முட்டையில்லாமல், தாளிப்பும் பச்சைமிளகாயும் சேர்த்து, அந்தப் பேக்கரிகள் ரொட்டியைப் பேட்டையின் நாவுக்கு ஏற்ப மாற்றின. காரா பன், காய்கறிப் பல்யம் வைத்த பன், தேன் கேக், தேங்காய்ப்பூரணம் வைத்த தில்பசந்த், காங்கிரஸ் கடலை என்று ஒரு புதிய மரபே உருவாயிற்று. 1953-இல் விசுவேசுவரபுரத்தில் தொடங்கிய வி.பி. பேக்கரி அம்மரபின் புகழ்பெற்ற கிளை.

தமிழ் படிப்பவர்களுக்கு இங்கொரு செய்தி சுவையானது. ஹாசன் ஐயங்கார்களில் பலர் ஹெப்பார் ஐயங்கார் எனப்படுவோர். இராமானுசர் மேல்கோட்டையில் தங்கியிருந்த காலத்தோடு தம் வரலாற்றைத் தொடர்புபடுத்தும் மரபினர். இவர்கள் வீட்டில் பேசுவது கன்னடம் மிகக் கலந்த ஒருவகைத் தமிழ். பல நூற்றாண்டுகளாகக் கன்னட நாட்டில் வாழ்ந்து, தமிழை வீட்டுக்குள் காத்துவைத்திருந்த ஒரு சமூகத்தார், ஆங்கிலேயரின் ரொட்டியைக் கற்று, அதனைச் சிக்பேட்டையில் விற்றனர். பின்னர் அந்தப் பெயர்ப்பலகை அத்திப்பள்ளிச் சோதனைச்சாவடியைக் கடந்து ஓசூருக்கும், அங்கிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் எனத் தமிழகமெங்கும் பரவியது. ‘பெங்களூர் ஐயங்கார் பேக்கரி’ என்ற பலகையை இன்று காணாத ஊர் குறைவு.

இவ்விடத்தில் ஒரு முரண் நம் சிந்தனைக்குரியது. 1957-இல் பெரியார், உணவகங்களின் பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்ற சொல் இருத்தலாகாது என்று சென்னைத் திருவல்லிக்கேணியில் தொடர் கிளர்ச்சி நடத்தினார். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். முடிவில் அவ்வுணவகம் பெயரை மாற்றிக்கொண்டது. தமிழகத்தின் உணவகப் பலகைகளிலிருந்து அச்சொல் பெரும்பாலும் மறைந்தது. ஆனால் அதே தமிழகத்தில், எல்லைக்கு அப்பாலிருந்து ‘ஐயங்கார்’ என்ற சொல் ரொட்டியோடு சேர்ந்து எளிதாக உள்ளே வந்தது. காலப்போக்கில் அதன் பொருளும் தேய்ந்தது. அப்பலகைகளில் பலவற்றின் பின்னே இருப்பவர் ஐயங்கார் அல்லர். மலையாளிகளும், கர்நாடகத்தின் பிற சமூகத்தாரும், நம் ஊர்க்காரர்களும் அப்பெயரில் கடை நடத்துகின்றனர். ‘ஐயங்கார் பேக்கரி’யின் கண்ணாடிப் பெட்டியில் முட்டை பப்ஸ் சூடாக அடுக்கப்பட்டிருப்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம், எவரும் வியப்பதில்லை. சாதிப்பெயர் ஒன்று வணிகச் சின்னமாக உருமாறி, தன் சாதியையே இழந்துவிட்டது எனலாம். இழந்துவிட்டதா, உறங்குகிறதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னர் வருகிறேன்.

ஆலை நகரத்து ரொட்டி

ஓசூர் என்னும் பெயருக்குக் கன்னடத்தில் புதிய ஊர் என்று பொருள். அப்பொருள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் முழுமையாகப் பலித்தது. 1971-இல் தமிழக அரசு சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் தொழில்வளாகம் ஓசூரில் அமைந்தபின் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் முதலிய ஆலைகள் வந்தன. கேழ்வரகுக் கொல்லைகள் சூழ்ந்த சிற்றூர் மூன்று ஷிப்டுகளில் விழித்திருக்கும் நகரமாயிற்று.

ஷிப்டு முறை மனிதரின் பசியை மாற்றுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்குப் பேருந்துக்கு நிற்பவருக்கு இட்லி ஆகியிருக்காது. இரவு வேலை முடித்துத் தனியறைக்குத் திரும்பும் இளைஞருக்குச் சமைத்துத் தர ஆளில்லை. அவர்களுக்கு ஒரு பன்னும் தேநீரும் உணவாயிற்று. மேற்குத் தமிழகத்தில் பேக்கரி என்றாலே தேநீர்க்கடை என்று பொருள்படும் வழக்கம் ஆலைத்தொழிலோடு பின்னிப்பிணைந்தது. இன்று ஓசூரைச் சூழ்ந்த மின்னணு ஆலைகளுக்கு ஜார்க்கண்ட் போன்ற தொலைமாநிலங்களிலிருந்தும் இளம்பெண்கள் வேலைக்கு வந்து விடுதிகளில் தங்குகின்றனர். களியின் மூன்று பெயர்களுள் ஒன்றையும் அறியாத அவர்களுக்கும் ‘பிரெட்’ என்றால் தெரியும்.

அதற்கு முன்னும் தமிழ் வீடு ரொட்டியை ஓரளவு அறிந்திருந்தது. ஆனால் நோயாளியின் உணவாக. காய்ச்சல் என்றால் ரொட்டியும் பாலும். உடல்நலம் பெற்றால் ரொட்டி மறைந்துவிடும். அரசு இதனை மாற்ற விரும்பியதுண்டு. அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 திட்டத்தின்கீழ்க் கோதுமை கப்பல்கப்பலாக வந்துகொண்டிருந்த காலம் அது. 1965-இல் மைய அரசு ‘மாடர்ன் பேக்கரீஸ்’ என்ற பொதுத்துறை நிறுவனத்தை ஏற்படுத்தியது. சென்னை உட்படப் பல நகரங்களில் இயந்திர ஆலைகள் ரொட்டி தயாரித்தன. மனிதக்கை படாத ரொட்டி என்பது இயந்திர ரொட்டிக்குரிய பெருமையாகப் பேசப்பட்டது. அதனை நலவாழ்வு பற்றிய உறுதிமொழியாகக் கொள்வது இயல்பு. ஆனால் கையைப் பற்றிய கேள்வி நீண்டகாலம் நிலவிய நாட்டில், கையே இல்லை என்னும் விடைக்கு இன்னொரு பொருளும் இருந்திருக்கும். அந்நிறுவனம் 2000-ஆம் ஆண்டு இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டது.

வீட்டு அடுப்பில்

இப்பின்னணியில்தான் வீட்டில் ரொட்டி சுடும் பொழுதுபோக்கைக் காணவேண்டும். சிறு மின்சார ஓவனும் உலர் ஈஸ்டும் எளிதில் கிடைக்கத் தொடங்கியபின் இது மெல்லப் பரவியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது விரைந்தது. உலகெங்கும் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் மாவு பிசையத் தொடங்கினர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கடைகளில் மாவும் ஈஸ்டும் தட்டுப்பட்டன. ஓசூருக்கு அந்நாட்கள் தனிவகைத் துன்பம். நாள்தோறும் பெங்களூருக்குச் சென்று திரும்பியவர்கள் மாநில எல்லை மூடப்பட்டதால் வீட்டிலேயே இருந்தனர். அந்த ஓய்வில் கற்ற கலை சிலரிடம் நிலைத்தது.

முறை எளியது. அரைக்கிலோ மாவு, ஏறத்தாழ 350 மில்லி நீர், பத்துக் கிராம் உப்பு, ஐந்து கிராம் உலர் ஈஸ்ட். பத்து நிமிடம் பிசைந்து, இருமடங்காகும்வரை மூடிவைத்து, மீண்டும் அழுத்தி வடிவமைத்து, இன்னொரு முறை எழவிட்டு, 200 பாகை செல்சியசுக்குச் சற்று மேலான சூட்டில் முப்பத்தைந்து நிமிடம் வைத்தால் ரொட்டி தயார். அடிப்பாகத்தை விரலால் தட்டினால் மத்தளம்போல் ஒலிக்கவேண்டும். மைதாவுக்குப் பதிலாக நம் அரவை ஆலைக் கோதுமை மாவை எடுத்தால் நீர் கூடுதலாகக் கேட்கும். ரொட்டி சற்று அடர்ந்திருக்கும். ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழியில் மாவு எழுவதற்கு நெடுநேரம் ஆகும். இதனை எங்கள் ஊரில் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. தோசைமாவு பொங்காத மார்கழி எல்லா வீட்டிலும் உண்டு.

இட்லிமாவில் பெரிதும் வேலை செய்வது லியுகோனாஸ்டாக் என்னும் பாக்டீரியா. ரொட்டியில் ஈஸ்ட் என்னும் நுண்காளான். இரண்டும் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. அந்த வாயுவை இட்லியில் உளுந்தின் வழவழப்பு பிடித்துவைக்கிறது. ரொட்டியில் கோதுமைப் புரதம் இழையிழையாகப் பின்னிப் பிடித்துவைக்கிறது. அப்புரதத்தின் பெயர் குளூட்டன். கேழ்வரகில் அது இல்லை. ஆகவே கேழ்வரகு மட்டும் தனித்து ரொட்டியாகப் பொங்காது.

கேழ்வரகு என் ரொட்டிக்குள் வந்த கதையைச் சொல்லவேண்டும். ஒரு ஞாயிறன்று சுட்ட ரொட்டியில் பாதியை எதிர்வீட்டு அம்மையாருக்குக் கொடுத்தேன்.

“சார், முட்டை கிட்டை போட்டிருக்கீங்களா?” என்று கேட்டார்.

“இல்லைங்கம்மா. மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட். அவ்வளவுதான்.”

“ஈஸ்ட்னா?”

“தோசைமாவு பொங்குற மாதிரி இதைப் பொங்க வைக்கிறது.”

“அப்ப சரி” என்று வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்துத் தட்டு திரும்பி வந்தது. வெறுந்தட்டைத் திருப்பித் தரும் வழக்கம் நம்மிடம் இல்லையல்லவா. அதில் அவர் ஊரில் அரைத்த கேழ்வரகு மாவு இருந்தது. “அடுத்த வாட்டி இதையும் கொஞ்சம் போட்டுப் பாருங்க சார்” என்றார். நான்கில் ஒரு பங்கு கேழ்வரகு, மூன்று பங்கு கோதுமை என்று கலந்தேன். கேழ்வரகைக் கொதிநீரில் கூழாகக் கிளறி, ஆறவிட்டுச் சேர்த்தால் ரொட்டி மறுநாளும் ஈரப்பதத்தோடு இருக்கிறது. களி கிண்டத் தெரிந்த கைக்கு அது புதிய வேலையன்று. நிறம் மண்ணைப்போல, மணம் எங்கள் வட்டாரத்தைப்போல.

அந்த அம்மையாரின் கேள்வியில் தவறில்லை. உண்பவர் தம் உணவில் இருப்பதை அறியும் உரிமை உடையவர். ஆயினும் அக்கேள்வி என்னைச் சிந்திக்கவைத்தது. பேக்கரியில் வாங்கும் பன்னைப் பற்றி அவர் இவ்வாறு கேட்பதில்லை. பலகை அவருக்காக விடை சொல்லிவிடுகிறது. பலகையில்லாத வீட்டு ரொட்டி கைமாறும்போதுதான் கேள்வி மீண்டும் எழுகிறது. என் பெயரும் என் வீட்டுப் பின்னணியும் வேறாக இருந்திருந்தால் எங்கள் உரையாடல் இரண்டு வினாக்களோடு முடிந்திருக்குமா என்று எண்ணிப்பார்க்கிறேன்.

வீட்டிலேயே ரொட்டியும் கேக்கும் செய்து விற்கும் என் முன்னாள் மாணவி ஒருவர் இதற்கு விடை தந்தார். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் செய்து விற்போரும் பதிவுபெற வேண்டும், அவர் பெற்றிருக்கிறார், பதிவு எண்ணைப் பொட்டலத்தில் அச்சிடுகிறார். ஆனால் தொலைபேசியில் அழைப்போரில் சிலர் அந்த எண்ணைக் கேட்பதில்லை. “ப்யூர் வெஜ் வீடுதானே?” என்று கேட்கின்றனர். “கேக்கில் முட்டை இல்லைங்க” என்று இவர் சொன்னால், “கேக்கைக் கேக்கலம்மா, வீட்டைக் கேட்டேன்” என்கின்றனராம். சட்டம் தூய்மையைக் கேட்கிறது. தொலைபேசி வீட்டைக் கேட்கிறது. 1898-இல் டில்லிக் கம்பெனியின் விளம்பரம் விடைசொன்ன கேள்விக்கும் இதற்கும் இடையே தொலைவு அதிகமில்லை. ஐயங்கார் என்ற சொல் பலகையில் உறங்குகிறதா என்று மேலே ஐயுற்றதற்குக் காரணம் இதுவே.

அம்மாணவி தம் விற்பனைப் பெயரில் ஊர்ப்பெயர், குலப்பெயர் எதையும் சேர்க்கவில்லை. சேர்க்கும்படி அறிவுரை கூறியோர் உண்டாம். “ரொட்டி நல்லா இருந்தா மறுபடியும் வருவாங்க சார்” என்பது அவர் சொன்னது. வருகிறார்கள், வீட்டைக் கேட்டவர்களிலும் சிலர் பின்னர் வந்திருக்கிறார்கள். சிலர் வரவில்லை.

முடிவாக

நிலப்பிரபுவின் அடுப்பு, படைமுகாமின் அடுப்பு, வணிகரின் அடுப்பு, அரசின் இயந்திர அடுப்பு ஆகியவற்றைக் கடந்து ரொட்டி அடுப்பு இப்போது வீட்டு மேசையில் வந்து அமர்ந்திருக்கிறது. அடுப்பைப் பற்றிய கேள்வி, வாங்கும் வசதியுடையோரைப் பொறுத்தவரை, தீர்ந்துவிட்டது. விடுதியில் ஆறுபேர் தங்கும் அறையில் வாழும் ஆலைப்பெண்ணுக்கு அது தீரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஞாயிறன்று மாவு எழும்வரை காத்திருக்கும் நேரமே ஒரு செல்வம்.

கையைப் பற்றிய கேள்வி எவருக்கும் முற்றாகத் தீரவில்லை. ஆனால் கடை ரொட்டியால் செய்ய இயலாத ஒன்றை வீட்டு ரொட்டியால் செய்ய முடியும். பலகையின் மறைவில்லாமல், பிசைந்தவர் தாமே கொண்டுபோய் மற்றொருவர் கையில் கொடுக்கலாம். வாங்கியவர் உண்ணலாம், தட்டைத் திருப்பித் தரும்போது தம் ஊர் மாவை வைத்துத் தரலாம். எதிர்வீட்டு அம்மையார் என் கேழ்வரகு ரொட்டியை இப்போது ‘பிரெட்’ என்பதில்லை. ‘ராகி ரொட்டி’ என்கிறார். எங்கள் வட்டாரத்தில் அப்பெயர் கல்லில் தட்டிச் சுடும் தட்டைப் பண்டத்துக்கு உரியது. இலக்கணப்படி அது குழப்பம். ஆனால் ஐந்நூறு ஆண்டுகளாக வாசலில் நின்ற பண்டமொன்றுக்கு வீட்டுப்பெயர் கிடைத்திருக்கிறது என்ற வகையில், தமிழாசிரியனாகிய நான் அதனைத் திருத்தப் போவதில்லை.